முதுகு காட்டி நின்றவர்

1. கதிரேசன் முதலாளியின் கேள்வி

"இந்த ஆளு ஏன்ப்பா நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான்?"

போடி பஜாரில் ஏலக்காய் மண்டி நடத்திய கதிரேசன் முதலாளி, ஓர் ஓவியத்தைப் போட்டோ எடுத்து நான் கொண்டுபோன பிரிண்ட்டின் மேல் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டார். ஃபோகஸ் பிசகாமல் எடுத்திருந்தேன், நாலு மூலையும் கோணாமல் விழுந்திருந்தது, அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"வருசப் பொறப்புக்கு வீட்ல மாட்டுற காலண்டரு. அதுல ஒருத்தன் திரும்பி நிக்கிறான். பக்கத்துல மொட்டை மரம். அங்கிட்டு இடிஞ்சுபோன கட்டடம். நல்லாவா இருக்கு? என்னதேன் அர்த்தம் இதுக்கு?"

"சீனரிதான் முதலாளி."

"சீனரின்னா சும்மாவா வரைவாக? அர்த்தம் தெரியாத படத்த நாலு பேரு வீட்டுச் செவத்துல மாட்டச் சொல்லி நான் குடுக்க மாட்டேன் சகாயம். நல்லா விசாரிச்சுட்டு வா."

இது எழுபதுகளில் நடந்தது. தேனி பஜாரில் நான் சொந்தமாக ஸ்டுடியோ போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, இவைதான் பிழைப்பு. காலண்டர் வேலை முதல் தடவையாக வந்திருந்தது. அது நல்லபடியாக அமைந்தால் சிவகாசி அச்சகக்காரர்கள் பழக்கமாவார்கள், முகூர்த்த நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பிழைப்பிலிருந்து ஒரு படி ஏறலாம் என்று ஆசைப்பட்டேன்.

முதலாளிக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவரிடம் சரக்கு போடுகிறவர்களும் எடுக்கிறவர்களும் எல்லா மதத்திலும் இருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, கட்டப்பனை வரைக்கும் காலண்டர் போகும். முருகன் படம் போட்டால் ஒருவர் சுருட்டி வைத்துவிடுகிறார், வேறு படம் போட்டால் இன்னொருவர். மேகமலையில் ஓர் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பார்க்கப் போனபோது பங்களா ஹாலில் பெரிய ஓவியம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். மலை, மேகம், அவ்வளவுதான். இதை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று பட்டிருக்கிறது. அவசரத்தில் பார்த்தவர் கண்ணில் மலைதான் பட்டதே தவிர ஆள் படவில்லை. என் பிரிண்ட்டில்தான் அந்த ஆளை முதன்முதலாகக் கவனித்தார்.

2. பங்களாவில்

முதல் தடவை அந்தப் படத்தை எடுக்கப் போனதைச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரிலிருந்து எஸ்டேட் ஜீப்பில் ஏறினேன். அந்த ரோட்டில் கேமராப் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மேலே போய்த் திறக்கும்போது லென்ஸ் ஒரு பக்கமும் திருகாணிகள் ஒரு பக்கமுமாகக் கிடக்கும்.

படம் கணப்படுப்புக்கு மேலே தொங்கியது. ஒரு கதவைப் படுக்கப் போட்ட அளவு. ஆயில் பெயின்டிங். அடியில் கறுத்த பாறை. பாறையின் மேல் நீளக் கோட்டு போட்ட ஒரு மனிதர் ஒரு சாண் உயரத்துக்கு, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவருக்கு முன்னால் பள்ளம் முழுக்க மூடுபனி. பனிக்கு மேலே மலை முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகின்றன. இடது ஓரம் இலையே இல்லாத ஒரு மரம். வலது பக்கம் கூரை விழுந்த மாதா கோயிலின் வளைவு மட்டும் நிற்கிறது. தூரத்தில் பனிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். சூரியன் உதிக்கிறதா அடைகிறதா என்று தெரியவில்லை.

ஆயில் பெயின்டிங்கை எடுப்பது தொல்லை. மேலே வார்னிஷ் பூசியிருப்பதால் எந்தப் பக்கம் லைட் வைத்தாலும் கண்ணாடி மாதிரி பளிச்சென்று திருப்பி அடிக்கும். ஹாலில் ஜெனரேட்டர் விளக்கு, வோல்டேஜ் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மேனேஜரிடம் கேட்டுப் படத்தை வராந்தாவுக்குத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தோம். அங்கே வெயில் நேராக விழுந்தது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து மேகம் ஏறி வந்து வராந்தாவை மூடிவிட்டது. வெயிலுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய மாதிரி வெளிச்சம் பரவலாக விழுந்தது. திருப்பி அடிக்கிற அந்த கிளேர் துளியும் இல்லை. லென்ஸிலிருந்து நாலு மூலைக்கும் சணல் பிடித்து அளந்து கேமராவை நேராக வைத்தேன். கலரில் ஒரு ரோல், கறுப்பு வெள்ளையில் ஒரு ரோல் எடுத்தேன். கலர் பிலிம் மெட்ராஸ் போய்க் கழுவி வர நாளாகும், அதற்குள் முதலாளிக்குக் காட்ட ஒரு பிரிண்ட் வேண்டும்.

மேனேஜர் மலையாளி. படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"யாரு வரைஞ்சதுன்னு எனக்கு அறியில்ல. நான் வரும்போதே இது இங்க தொங்குது. பழைய பட்லர் ஒருத்தர் சின்னமனூர்ல ரொட்டிக்கடை வச்சிருக்கார், மூக்கையான்னு பேரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அப்போது எனக்கு அது தேவையாகப் படவில்லை. முதலாளி விரலை ஊன்றிக் கேட்ட பிறகுதான் எனக்கும் அரிக்க ஆரம்பித்தது. அந்த ஆள் ஏன் திரும்பி நிற்கிறார்?

3. கிரேஸ் மிஸ் சொன்ன அர்த்தம்

என் ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக்கடை. கடைக்காரரின் மகள் கிரேஸ் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தினார். வாரக் கடைசியில் ஊருக்கு வருவார். பஜாரில் எல்லோருக்கும் அவர் கிரேஸ் மிஸ். படங்கள் உள்ள புத்தகங்கள் நிறைய வைத்திருப்பார் என்று தெரியும். பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, இது இங்கன எப்படி வந்துச்சு? இந்த மாதிரிப் படம் போடுறது ஐரோப்பாவுல ஒரு காலத்துல பெரிய பழக்கம். நூத்தம்பது வருசம் இருக்கும். ரொமான்டிக்னு சொல்வாக."

"காதல் படமா? பொண்ணையே காணோமே."

அவர் சிரித்துவிட்டார். "அந்த ரொமான்டிக் வேற அண்ணே. ஒங்க ஸ்டுடியோவுல ஆளுக்குப் பின்னால ஸ்கிரீன் தொங்குதுல்ல, மலையும் குளமும் போட்டு? அதுக்கு முந்தி அவுக ஊர்லயும் பெரும்பாலும் அப்படித்தான். ராஜாவோ சாமியோ முன்னால இருப்பாக, மலை பின்னால கிடக்கும். இவுக வந்து ஸ்கிரீன முன்னால இழுத்தாக. மலையப் பெருசாக்கி, ஆளச் சின்னதாக்கிட்டாக."

"எதுக்கு?"

"ஊரெல்லாம் மில்லு வந்துருச்சு, புகை வந்துருச்சு. எதையும் அளந்துறலாம், எல்லாத்துக்கும் காரணம் சொல்லிறலாம்னு படிச்சவுக பேசிக்கிட்டு இருந்த காலம். அப்பச் சில பேருக்கு, அளக்க முடியாத ஒண்ணுக்கு முன்னால போயி நிக்கணும்னு தோணியிருக்கு. மலைக்குப் போனாக, கடலுக்குப் போனாக. பயமாவும் இருக்கும், விட்டுட்டு வரவும் மனசு வராது. அதத்தான் வரைஞ்சாக. கோயில் இடிஞ்சு கிடக்குல்ல, மனுசன் கட்டுனது எதுவும் நிக்காதுங்கிறதுக்கு. மொட்டை மரமும் அப்படித்தான், ஆனா அது மழைக்குத் துளிர்விட்டாலும் விடும். பின்னால தெரியிற வெளிச்சம் நம்பிக்கையா இருக்கலாம், சாமியா இருக்கலாம். இன்னதுன்னு சொல்லாம விட்டிருப்பாக."

"முதுகு?"

"அதுதான் அண்ணே விசேசம். அவரு நம்ம பக்கம் திரும்பியிருந்தா நீங்க எதப் பாப்பீக?"

"மூஞ்சியத்தான்."

"திரும்பி நிக்கிறதுனால?"

யோசித்தேன். "அவரு எதப் பாக்குறாரோ அதப் பாக்குறேன்."

"அவ்வளவுதான். ஒங்களையும் அந்தப் பாறையில ஏத்தி விட்டுட்டாரு."

எத்தனையோ வருஷமாக, "இங்க பாருங்க, தலையைத் தூக்குங்க" என்று சொல்லியே பிழைத்தவன் நான். ஆளைத் திருப்பி நிறுத்தினால் படம் பார்க்கிறவனை உள்ளே இழுக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பிரிண்ட்டைப் பிரஷ்ஷால் திருத்தும் டச்சிங் வேலைக்கு நான் வைத்திருக்கும் லென்ஸை வாங்கி, கிரேஸ் மிஸ் பிரிண்ட்டைத் துழாவினார். "இந்த மரமும் கோயில் ஆர்ச்சும் ஏதோ புஸ்தகத்துல பாத்துப் போட்ட மாதிரி இருக்கு. நானே இதப் போல வேற படங்கள்ல பாத்திருக்கேன். ஆனா இந்த முகடு..."

அவர் காட்டிய முகட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கி, நடுவில் எருமை முதுகு மாதிரி வளைந்து போனது. எஸ்டேட் ஓரத்தில் நின்று கம்பம் பக்கம் பார்த்தால் தெரிகிற முகடு. ஜீப்பில் இறங்கும்போது நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

"மிஸ், இது நம்ம மலை."

"அப்ப வரைஞ்சவுக அங்கன இருந்தவுக" என்றார் அவர். "இந்த மாதிரிப் படங்களுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லிட்டேன். இந்த ஒரு படத்துக்கு என்ன அர்த்தம்னு, கூட இருந்தவுகளத்தான் நீங்க கேக்கணும்."

4. ஆளை எடுத்துவிட்டுப் பார்த்தேன்

கிரேஸ் மிஸ் சொன்னதை முதலாளியிடம் ஒப்பித்தேன். பனிக்குப் பின்னால் வெளிச்சம் என்ற இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார்.

"அது நல்லாத்தேன் இருக்கு. அப்ப ஒண்ணு செய்யி. அந்த ஆள மட்டும் தூக்கிரு. கல்யாண போட்டோவுல வேண்டாதவுகள டச்சிங் பண்ணி எடுக்கிறேல்ல, அது மாதிரி. மிச்சம் இருக்கட்டும்."

வேலை கையை விட்டுப் போகக்கூடாது என்று சரியென்று வந்துவிட்டேன். ஒரு பிரிண்ட் போட்டு, மெல்லிய பிரஷ்ஷில் சாம்பல் கலரைத் தொட்டுத் தொட்டு அந்த மனிதரைப் பனிக்குள் கரைத்தேன். வேலை சுத்தமாக வந்தது. அங்கே ஓர் ஆள் நின்றதாக யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆள் இல்லாத படம் நாடக மேடைப் படுதா மாதிரி இருந்தது. மலை சின்னதாகிவிட்டது. பனி வெறும் சாம்பல் பூச்சாகத் தெரிந்தது. ஆழம் என்று ஒன்று இருந்ததே, அதைக் காணோம். ஒரு சாண் ஆள் போனதும் மலை எப்படிச் சுருங்கியது? அன்றைக்கு முழுதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத பிரிண்ட்டை முதலாளியிடம் கொண்டுபோகவே இல்லை.

அந்த வாரமே மெட்ராஸிலிருந்து கலர் பிலிம் வந்தது. மேஜை லைட்டில் வைத்துப் பார்த்தேன். படம் முழுக்க நீலம். கிளேரைப் போக்கிக் கொடுத்த அதே மூடுபனி நீலத்தையும் கொண்டுவந்து சேர்த்திருந்தது. நீலத்தைக் குறைக்கிற ஃபில்டர் போட்டு எடுத்திருக்க வேண்டும், அந்த அனுபவம் அப்போது எனக்கு இல்லை. எப்படியும் மறுபடி மலையேறித்தான் ஆக வேண்டும். போகிற வழியில் சின்னமனூரில் இறங்கி ரொட்டிக்கடையை விசாரித்தேன்.

5. மூக்கையா

மூக்கையாவுக்கு அறுபது வயது இருக்கும். நெடிய ஆள். அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்து வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிரிண்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்கன இருக்கு?"

"பங்களா ஹால்லதான் மாட்டியிருக்கு."

"அப்ப முடிச்சுத்தேன் போயிருக்காக" என்றார் தனக்குள் பேசுகிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். "இதுல நிக்கிறது நாந்தேன் தம்பி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, டீ கொடுத்து, அவரே சொன்னார்.

"நான் அங்கன பட்லரு. அப்ப மேனேஜரா இருந்த வெள்ளைக்காரத் தொரைக்கு ஒரு மழைக்காலத்துல காய்ச்சல் கண்டுருச்சு. ரோடு சரிஞ்சு கிடக்கு, கீழ கொண்டுவர வழியில்ல. மேலயே எறந்து போனாக. அங்கனயே தோட்டத்துக்கு மேல பொதச்சோம். தொரைசாணி ஊருக்குப் போகல. புது மேனேஜர் வாரவரைக்கும் இருக்கேன்னு இருந்துட்டாக. சாப்பாடு இறங்கல, யாரோடயும் பேச்சில்ல. முந்தியெல்லாம் பூவு, குருவின்னு படம் போடுவாக. அவுக ஊருப் படப் புஸ்தகம் ஒண்ணு இருக்கும். அதப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. ஒரு நா என்னையக் கூப்புட்டு, தொரையோட கோட்டக் குடுத்து, மூக்கையா இதப் போட்டுக்கன்னாக."

"போட்டீகளா?"

"எனக்கு ஒதறலு. எறந்தவுக கோட்டு. ஆனா அவுக மூஞ்சியப் பாத்தா மாட்டேங்க முடியல. போட்டேன். பாறைக்குக் கூட்டிட்டுப் போயி, அங்கிட்டுத் திரும்பி நில்லுன்னாக. என்ன ஆனாலும் திரும்பக்கூடாதுன்னாக. காலையில கொஞ்ச நேரம், பனி வெலகுறவரைக்கும். அப்படிப் பல நா நின்னேன். வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி பேச்சியம்மா வாசல்லயே மறிச்சிருவா. செத்தவுக துணிய ஒடம்புல போட்டுட்டு உள்ள வராதீக, தலைமுழுகிட்டு வாங்கன்னு. அந்தக் குளிர்ல தெனமும் தலைக்கு ஊத்துனேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பின்னால அழுகுற சத்தம் கேக்கும் தம்பி. பத்தடி தூரத்துல ஒரு பொம்பள அழுகுறா, நான் கல்லு மாதிரி நிக்கிறேன். திரும்பக்கூடாதுன்னு சொல்லியிருக்காகளே. அழுது ஓஞ்ச பெறகு, துணி மேல பிரஷ்சு ஒரசுற சத்தம் கேக்கும். சரி, வேலைய ஆரம்பிச்சுட்டாகன்னு எனக்கும் மூச்சு வரும்."

"நீங்க என்ன பண்ணுவீக, சும்மா நின்னுக்கிட்டு?"

"என்ன பண்ண, மலையத்தேன் பாத்தேன். அங்கன எத்தன வருசம் வேலை பாத்திருக்கேன், அடுப்பத்தேன் பாத்தேன், பாத்திரத்தப் பாத்தேன். ஒரு வேலையும் இல்லாம மலையப் பாத்தது அப்பத்தேன். பனி வெலக வெலக ஒவ்வொண்ணா முகடு மேல வரும். இன்னும் எத்தன இருக்குமோன்னு இருக்கும். நாளாக ஆக, எப்படா விடியும், போயி நிப்போம்னு ஆயிப்போச்சு. இத யாருகிட்டயும் சொல்லல. பேச்சி கேட்டா, கோட்டு புடிச்சுக்கிருச்சும்பா."

அன்றன்றைக்கு எழுதி முடித்ததும் தொரைசாணி படத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிடுவாராம். முடிவதற்குள் பேச்சியம்மாவுக்குப் பேறுகாலம் வந்து இவர் கீழே இறங்கிவிட்டார். திரும்பிப் போனபோது தொரைசாணி கப்பலேறிவிட்டார். புது மேனேஜர் தன் சமையல்காரரோடு வந்துவிட்டார். படம் என்ன ஆயிற்று என்று இவருக்குத் தெரியாது. கப்பலில் போயிருக்கும் என்று நினைத்திருந்தாராம்.

"ஏன் கூடக் கொண்டு போகல?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். தொரை அங்கனதான இருக்காரு, அதுக்காக விட்டுட்டுப் போயிருப்பாக." பிறகு அவர் என்னைக் கேட்டார். "நீ படிச்சவன் மாதிரி இருக்க. அந்தப் படத்துக்கு என்னதேன் அர்த்தம்? நின்னது நான், எனக்கே தெரியலையே."

கிரேஸ் மிஸ் சொன்னதை அவரிடம் சொன்னேன். மில், புகை, மலைக்குப் போனவர்கள், ஸ்கிரீனை முன்னால் இழுத்தது. அவர் எதற்கும் அசையவில்லை. திரும்பி நிற்கிறவர் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம் என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அவுக, தொரை பாத்ததத் தானும் பாக்கணும்னு நெனச்சிருக்காக."

"இருக்கும்."

"தொரை தெனமும் காலையில அங்கன நின்னுதேன் டீ குடிப்பாரு" என்றார் மூக்கையா. பிரிண்ட்டில் நகக்கண் அளவு இருந்த உருவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியல. நீ மேலதான போற? நானும் வாரேன்."

6. கழுத்து

மேனேஜர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் மூக்கையாவை முன்வாசல் வழியாகவே உள்ளே அழைத்துப் போனார். மூக்கையா செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். ஹாலில் நின்று சுற்றிப் பார்க்கவில்லை, நேராகக் கணப்படுப்புக்குப் போனார்.

ரொம்ப நேரம் பார்த்தார். நான் கேமராவை ஸ்டாண்டில் பூட்டுகிற சாக்கில் அவர் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு சிரிப்பு வந்தது. "கோட்டு அதேதேன். கைப்பக்கம் கட்டையா இருக்கும் எனக்கு, அதையும் அப்படியே போட்டுருக்காக. நிக்கிறதும் நாந்தேன். இந்தக் கால எடுத்து அந்தக் காலு மேல ஊனி நிப்பேன், வலி தாங்காம."

இன்னும் கிட்டே போனார். சிரிப்பு போய்விட்டது.

"கழுத்து என்னுது இல்ல."

"என்ன?"

"கழுத்து என்னுது இல்ல தம்பி. எனக்குக் கழுத்து நேரா நிக்கும். இங்கன பாரு, இடப்பக்கமா ஒரு சாய்ப்பு. அது தொரை. யாரோ கூப்புடுறதக் காது குடுத்துக் கேக்குற மாதிரி எப்பவும் அப்படித்தேன் நிப்பாரு. டீத்தட்டோட பின்னால நின்னு எத்தன வருசம் பாத்திருக்கேன். இது அவரு."

மேனேஜரும் நானும் கிட்டே போய்ப் பார்த்தோம். சொன்ன பிறகு தெரிந்தது. கோட்டுக் காலருக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கழுத்து, லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. உடம்பை மூக்கையாவைப் பார்த்துப் போட்ட அந்த அம்மா, கழுத்தை மட்டும் யாரையும் பார்க்காமல் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. வராந்தாவில் படத்தை நிழலுக்குத் திருப்பி வைத்து, ஃபில்டர் போட்டு எடுத்தேன். நீலம் இல்லாமல் வந்தது. என் வாழ்க்கையில் எடுத்த சுத்தமான காப்பிகளில் அது ஒன்று. மூக்கையாவிடம் ஒரு பிரிண்ட் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. பேச்சி மறுபடியும் தலைமுழுகச் சொல்லுவா" என்றார். ஆனால் ஜீப் ஏறுவதற்கு முன்னால் பாறைப் பக்கம் நடந்து போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தார். நான் கூடப் போகவில்லை.

கிரேஸ் மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. "மரமும் ஆர்ச்சும் புஸ்தகத்துல இருந்து, மலை நம்ம மலை, ஆளு அவுக வீட்டு ஆளு" என்றார். "யாரு வேணா அந்த எடத்துல நின்னு பாக்கலாம்னு ஒங்களுக்குச் சொன்னேன். அவுக ஒரே ஒருத்தருக்காகத்தான் அந்த எடத்தப் போட்டிருக்காக."

7. முதலாளியின் தீர்ப்பு

இறந்தவர் கோட்டு, இறந்தவர் கழுத்து என்று சொன்னால் காலண்டர் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். முதலாளி அபசகுனம் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர். ஆனாலும் விசாரித்துவிட்டு வா என்று சொன்னவர் அவர். கலர் பிலிமை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் விடாமல் சொன்னேன். சரக்கு கொண்டுவந்த ஆட்கள் காத்திருந்தார்கள். முதலாளி அவர்களைக் கையமர்த்திவிட்டுக் கேட்டார்.

முடித்ததும் பிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நம்ம வீட்ல எறந்தவுக படத்துக்குப் பொட்டு வச்சு மால போடுறோம். அந்தம்மா இப்படிப் போட்டிருக்காக" என்றார்.

"ஆமா முதலாளி."

"இது அபசகுனம் இல்ல சகாயம். நாந்தேன் தப்பா நெனச்சுட்டேன். ஆனா காலண்டருக்கு வேணாம்."

என் முகம் சுண்டிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஒரு பொம்பள அவ புருசனுக்காகப் போட்ட படம். அதுக்குக் கீழ ஏலக்காய் மண்டி, போன் நம்பருன்னு நான் அச்சடிக்கக் கூடாதுப்பா. செவத்துல தேதி கிழிச்சு எறியிறதுக்கா அதப் போட்டாக?"

நான் பிலிமை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் போனவனைக் கூப்பிட்டார்.

"ஏலே, எங்கன போற? அந்தப் பாறையில இருந்து பாத்தா நெசமாவே அம்புட்டு நல்லா இருக்குமா?"

"இருக்கும் முதலாளி. அது நம்ம பள்ளத்தாக்குதான்."

"அப்ப அதையே எடு."

மூன்றாம் தடவை மலையேறினேன். இந்தத் தடவை பாறைமேலேயே டிரைபாடை ஊன்றினேன். பனி விலகும், கேமராவைத் திறப்பதற்குள் மூடும். பல நாள் விடியற்காலையில் போய் எடுக்காமலே திரும்பினேன். வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது, நானும் பழகிக்கொண்டேன். கடைசியில் ஒரு காலை முகடுகள் வரிசையாக மேலே வந்தன. அடியில் வயல்களும் தென்னந்தோப்புகளும் பனியில் பாதி முங்கிக் கிடந்தன. அதைத்தான் எடுத்தேன்.

காலண்டர் வந்தபோது நான் மண்டியில் இருந்தேன். முதலில் வாங்கியவர் பொட்டிப்புரம் பக்கத்து விவசாயி. விரித்துப் பார்த்துவிட்டு, "முதலாளி, இது எந்த தேசம்? வெளிநாடா?" என்று கேட்டார்.

"ஒந் தோட்டத்துல நின்னு நிமிந்து பாருய்யா. அதுதேன்" என்றார் முதலாளி.

அவர் நம்பவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பல பேர் நம்பவில்லை. காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த முகடு எது என்று மலையோடு ஒப்பிட்டு வழக்குப் பேசிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

8. கற்றுக்கொண்டது

சிவகாசித் தொடர்பு எனக்குக் கிடைத்தது. பிறகு பல காலண்டர்கள் எடுத்தேன். எஸ்டேட் கைமாறியது, பங்களாவில் இருந்த அந்தப் படம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஃபில்டர் விஷயத்தையும், மூடுபனி வெளிச்சம் நீலம் கொண்டுவரும் என்பதையும் கற்றுக்கொண்டேன். அதெல்லாம் எந்த ஸ்டுடியோவிலும் கற்றுக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்கு அடிக்கடி வருகிற வேலை ஒன்று உண்டு. வீட்டில் யாராவது இறந்துவிட்டால், பழைய குரூப் போட்டோவையோ பாஸ்போர்ட் சைஸையோ கொண்டுவந்து பெரிதாக்கித் தரக் கேட்பார்கள். நாங்கள் முகத்தைத் தனியாக எடுத்து, எல்லோருக்கும் ஒரே கோட்டு, ஒரே டை, ஒரே நேரான கழுத்து போட்டு, பிரஷ்ஷால் கண்ணைத் திறந்துவிட்டு ஃபிரேம் போட்டுக் கொடுப்போம். சொந்தப் பிள்ளைகளே ஒரு நிமிஷம் தயங்கித்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதைப் பார்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மேகமலைக்குப் போய்வந்த பிறகு, பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"அவுக எப்படி நிப்பாக?"

இதைக் கேட்டு, தெரியாது என்று சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை. சிலர் வாயால் சொல்வார்கள். பலர் எழுந்து நின்று காட்டுவார்கள்.